புதுக்குதிரைக்கு எதற்கு எல்கை?

புதுக்கோட்டைச் சீமையில் எல்கைப் பந்தயம் என்னும் வண்டிப் பந்தயம் இல்லாமல் கோயில் திருவிழா களைகட்டாது. மாட்டு வண்டிகளோடு குதிரை வண்டிகளும் ஓடும். பெரிய குதிரை, நடுக்குதிரை, சின்னக் குதிரை என உருவத்தைப் பார்த்துப் பிரிப்பார்கள். சில ஊர்களில் புதுக்குதிரைக்கும் தனிச்சுற்று உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் அங்கேயும் பரிசு முந்தி வந்தவனுக்கே. அதே தார்ச்சாலை, அதே மைல் கணக்கு, பின்னால் ஹாரன் அடித்து விரட்டும் அதே மோட்டார் சைக்கிள் கூட்டம்.

இந்தச் சுற்றை இப்படியே நடத்துவதைக் குளத்தூர் வட்டாரத்து விழாக் கமிட்டிகள் கைவிட வேண்டும். பந்தயமே கூடாதென்று சொல்லவில்லை. பழகாத குதிரைக்கும் பழகாத சாரதிக்கும் வேறு பரீட்சை வையுங்கள் என்கிறோம்.

அதற்கு முன்மாதிரி ட்ரெஸ்ஸாஜ். 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அனுஷ் அகர்வாலா, ஹிருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா நால்வரும் தங்கம் வாங்கினார்களே, அந்தப் போட்டி. குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு 41 ஆண்டு கழித்துக் கிடைத்த தங்கம் அது. தொடக்கநிலையில் 20க்கு 40 மீட்டர் களம் போதும். யார் முந்தினார் என்ற கணக்கே இல்லை. நடை, மெதுவோட்டம், வட்டம், அசையாமல் நிற்பது என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை மதிப்பெண். எங்கே, ஏன் குறைந்தது என்று நடுவர் குறித்த தாள் சவாரிக்காரர் கைக்கு வரும். தோற்றவரும் எதையாவது கற்றுக்கொண்டு போவார்.

அங்கேயும் கோளாறு இல்லாமல் இல்லை. குதிரையின் மூக்கு செங்குத்துக் கோட்டுக்குச் சற்று முன்னே இருக்க வேண்டும் என்கிறது சர்வதேச விதி; மார்க்குக்கு ஆசைப்பட்டுக் கடிவாளத்தை இழுத்து, கழுத்தை மடக்குகிறவர்களும் உண்டு. நடுவர் கண் கூர்மையாக இல்லாவிட்டால் அந்தத் தாளுக்கும் மதிப்பில்லை.

ஆனாலும் அவசரப்படுத்தாத போட்டி அது. கீழ்க்கால் எலும்பு இரண்டு வயதுவாக்கில் முற்றினாலும், குதிரையின் முதுகெலும்பு முற்ற ஐந்தாறு வயதாகும். ஒலிம்பிக் ட்ரெஸ்ஸாஜில் 8 வயதுக்குக் குறைந்த குதிரைக்கு இடமே இல்லை. நாமோ தார்ச்சாலையில் குட்டியின் குளம்பைத் தேய்க்கிறோம்.

நமணசமுத்திரம் அய்யனாருக்கு மண் குதிரை செய்யும் வேளாரைக் கேளுங்கள். சுடாத மண்ணைக் கோயிலுக்குத் தூக்கிப் போவாரா?

கூட்டம் வேகத்தைப் பார்க்கத்தானே வருகிறது என்பார்கள். அதற்குப் பெரிய குதிரை இருக்கிறது. புதுக்குதிரைக்குக் காலை வெயில் ஏறுமுன் ஒரு மண் திடல் போதும். பறை அடித்தாலும் மிரளாமல் நிற்கிறதா, வண்டியோடு பின்வாங்குகிறதா, சாட்டை இல்லாமல் திரும்புகிறதா என்று பாருங்கள். அனுபவமுள்ள பழைய சாரதிகள் இருவரை நடுவராக்குங்கள். பரிசுத் தொகையில் மட்டும் ஒரு ரூபாயும் குறைக்காதீர்கள்.