கொம்பு யாருக்கு இடைஞ்சல்?

2018 நவம்பர் 25 ஆம் திகதி சுவிற்சர்லாந்து மக்கள் ஒரு கேள்விக்கு வாக்களித்தனர். பசுவுக்கும் ஆட்டுக்கும் கொம்பை விட்டுவைக்கும் பண்ணையாளருக்கு அரசு மானியம் வழங்க வேண்டுமா என்பதே அது. ஆர்மின் கபால் என்ற விவசாயி ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டி, அதைச் சர்வஜன வாக்கெடுப்பு வரை கொண்டுசென்றார். பலர் நகைத்தனர். 54.7 வீதமானோர் வேண்டாம் என்றனர். அத்தீர்ப்பு பிழையானது என்றே நான் இன்றும் கருதுகிறேன்.

கொம்பை நகத்துக்கு ஒப்பிடுவோர் உளர். நகத்தினுள் எலும்பு இல்லை. வளர்ந்த கொம்பினுள் எலும்பும் குருதிக் குழாய்களும் நரம்பும் உள்ளன. ஆகவேதான் கன்று பிறந்த சில வாரங்களிலேயே, கொம்புக் குருத்து மண்டையோட்டுடன் ஒட்டுமுன், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அதைச் சுட்டுக் கருக்குகின்றனர். சுவிஸ் சட்டப்படி விறைப்பு மருந்து கட்டாயம், அது மெச்சத்தக்கது. ஆனால் அந்த விறைப்புச் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சூட்டுப்புண்ணின் வேதனை அதற்குப் பின்னரும் தொடரும்.

கொம்புள்ள மாடு மற்ற மாட்டையும் மனிதரையும் குத்திவிடும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். அது பொய்யல்ல. ஆனால் தீனித் தொட்டியருகே விலகிச் செல்ல இடமில்லாத நெருக்கமான கொட்டிலிலேயே அபாயம் பெருகுகிறது. கொட்டிலை விசாலிக்கப் பெரும் பணம் வேண்டும். கொம்பைச் சுடுவதற்குச் செலவு சொற்பம். அந்த வித்தியாசத்தை ஈடுசெய்யவே மானியம் கேட்கப்பட்டது. எவருக்கும் தடை விதிக்கும்படி கோரப்படவில்லை.

மானியம் கொடுத்தால் கொம்புள்ள மாடுகளைக் கட்டிப்போட்டே வளர்ப்பார்கள் என்று சமஷ்டி அரசாங்கம் அஞ்சியது. அவ்வாறாயின், அவிழ்த்துவிட்டு வளர்ப்போருக்கு மாத்திரமே மானியம் என நிபந்தனை விதித்திருக்கலாமே! கொம்பு முளைக்காத இனங்களைப் பெருக்கலாம் என்பாரும் உளர். சுடுவதிலும் அது மேல்தான். ஆயினும் கொட்டில் அப்படியே இருக்கட்டும், மாடு மாறட்டும் என்ற மனப்போக்கு அதிலும் மாறவில்லை.

சூட்டுக்கோலால் மாட்டுக்குக் குறியிட்டு வந்த தேசத்தவனுக்கு இதைச் சொல்ல என்ன அருகதை என்று வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பட்டிப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் தீட்டி மாலை சூட்டிவிட்டு, பின்னர் விலாவில் குறி சுடுவது நன்றிக்கடன் ஆகாது. இங்கே சூடு உடைமைக்காக, அங்கே வசதிக்காக. இரண்டிலும் ஆதாயம் மனிதனுக்கு, நோவு மாட்டுக்கு.

சுவிஸ் பிரசைகளாகி வாக்குரிமை பெற்ற நம்மவர் பலர் உளர். இக்கேள்வி மீண்டும் வாக்குச்சீட்டில் வருமாயின், அவர்கள் நகைக்காமல் வாக்களிக்க வேண்டும். மாட்டுக்கேற்பக் கொட்டிலை அமைக்க வசதியுள்ள ஒரு செல்வந்த நாடு, கொட்டிலுக்கேற்ப மாட்டைக் குறைப்பதற்கு வறுமையைக் காரணம் காட்ட முடியாது.