முள் வெளியிலிருந்துதானே வந்தது?

சீமைக்கருவேல முள்ளைப் பார்த்திருக்கீங்களா? படத்தில் இல்லை, உங்க குதிகாலில். செருப்பைத் துளைச்சுக்கிட்டு ஏறும். மழை பொய்த்த வருசமெல்லாம் எங்க இராமநாதபுரம் பக்கம் சோறு போடுவதும் அந்த மரம்தான். மிளகாய் காய்ஞ்சு போனால் கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி விற்போம். போன கோடையில் எங்க சித்தப்பாவும் அதைத்தான் செஞ்சாக.

முள் ஏறினது அவுகளுக்குத் தெரியவே இல்லை. பதினஞ்சு வருசச் சர்க்கரை, பாதம் மரத்துப்போச்சு. ராத்திரி பாயில் ரத்தக்கறையைப் பார்த்துட்டு சித்திதான் ஊக்கை வச்சு நெம்பி எடுத்தாக. மஞ்சள் பத்து போட்டாச்சு. மூணாம் நாள் வீக்கம், பத்தாம் நாள் நாத்தம், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. முழங்காலுக்குக் கீழே எடுத்துட்டாங்க.

அவுக வங்கிக் கணக்கில் வருசா வருசம் 20 ரூபாய் பிடிப்பாங்க. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா. 2015-ல் தொடங்கும்போது 12 ரூபாய், 2022 ஜூனிலிருந்து 20. விபத்தில் இறந்தால் 2 லட்சம், இரண்டு கண்ணோ, இரண்டு கையோ, இரண்டு காலோ போனாலும் 2 லட்சம். ஒரு கால் போனால் 1 லட்சம். 18 வயசிலிருந்து 70 வரைக்கும் சேரலாம், சித்தப்பாவுக்கு 58. மனு போட்டோம். மூணு மாசம் கழிச்சு ஒரு தாள் வந்துச்சு. நோயினால் ஏற்பட்ட இழப்பாம், விபத்து இல்லையாம்.

அந்தத் தாளைப் படிச்ச நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

விபத்து என்றால் என்ன என்று திட்டமே சொல்லுது. திடீரென, எதிர்பாராமல், நம்ம விருப்பமில்லாமல், வெளியிலிருந்து, கண்ணுக்குத் தெரியும்படி பாய்கிற ஒன்று. இதில் எது முள்ளுக்குப் பொருந்தலை? அது சித்தப்பா ரத்தத்தில் முளைச்சதா? அதே முள் என் காலில் ஏறியிருந்தால் ரெண்டு நாள் நொண்டியிருப்பேன், அவ்வளவுதான். ஒத்துக்கிறேன், சர்க்கரைக்கும் இதில் பங்கு இருக்கு. ஆனால் எலும்பு தேய்ஞ்ச கிழவர் பஸ்ஸில் அடிபட்டு இடுப்பு உடைஞ்சால், பஸ்மேல் தப்பில்லை, எலும்புமேல்தான் தப்பு என்று சொல்வீங்களா? சேரும்போது ஒருத்தரும் சித்தப்பாவுக்குச் சர்க்கரை இருக்கா என்று கேட்கலை. மருத்துவப் பரிசோதனையே இல்லாத திட்டம் இது. 20 ரூபாய் வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாத சர்க்கரை, 1 லட்சம் கொடுக்கும்போது மட்டும் எப்படித் தெரியுது?

கம்பெனி பக்கமும் ஒரு தீர்ப்பு இருக்கு, மறைக்க மாட்டேன். மொசாம்பிக்கில் வேலை பார்த்த ஒருத்தர் கொசு கடிச்சு மலேரியாவில் இறந்தார். அது விபத்து ஆகாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. அந்த நாட்டில் மூணில் ஒருத்தருக்கு மலேரியா, எதிர்பாராதது என்று எப்படிச் சொல்வது என்பது ஒரு காரணம். அப்படிப் பார்த்தால் இராமநாதபுரத்தில் முள் குத்துவதும் சகஜம்தானே என்று நாளைக்கு ஒரு வக்கீல் கேட்கலாம். ஐயா, இங்கே பாம்பும் சகஜம். பனையிலிருந்து விழுறதும் சகஜம். பாம்புக்கடியையும் மரத்திலிருந்து விழுவதையும் இந்தத் திட்டத்தின் விதியே பேர் சொல்லி விபத்துக் கணக்கில் சேர்த்திருக்கு.

ஆனால் அதே வரியில்தான் கண்ணியும் இருக்கு. உடனடி ஆஸ்பத்திரிப் பதிவு வேணுமாம். பாம்பு கடிச்சவன் அலறிக்கிட்டு ஓடுவான். மரத்துப்போன காலில் முள் ஏறினவன் எதுக்கு ஓடுவான்? அவனுக்கு வலிக்கவே இல்லையே! வலிச்சிருந்தால் அன்னைக்கே போயிருப்பாக, பதிவும் இருந்திருக்கும், காலும் இருந்திருக்கும். எந்த நோய் காலைப் பறிச்சதோ அதே நோய்தான் சாட்சியையும் பறிச்சிருக்கு. அதையே காரணமாக் காட்டித் தாள் அனுப்புறாங்க.

டிஸ்சார்ஜ் சம்மரியில் சர்க்கரைப் புண், அழுகல் என்று மட்டும்தான் இருந்துச்சு. முள் பேச்சே இல்லை. வீட்டையே புரட்டி முதல் நாள் ஓபி சீட்டைத் தேடினேன். ரேஷன் கார்டு உறைக்குள் இருந்துச்சு. கோழிக் கிறுக்கலில் ஒரு வரி, முள் குத்திப் பத்து நாள் என்று. எங்க கையில் இருக்கிற ஆயுதம் அது ஒண்ணுதான். அதை நகல் எடுத்து, காலை எடுத்த டாக்டரிடமும் ஒரு சான்று வாங்கி, கம்பெனிக்கு மறுபடி எழுதினோம். ஒரு மாசம் பதில் இல்லை. அதுக்கப்புறம் சென்னையில் இருக்கிற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு அனுப்பினோம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், மறுப்புத் தாள் வந்து ஒரு வருசத்துக்குள் போடணும். அங்கேயும் நடக்கலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு.

இதெல்லாம் ஒரு காலுக்கு. முள்ளே குத்தாமல், கிட்னி போயோ பக்கவாதம் வந்தோ முடங்கினவனுக்கு இந்த 20 ரூபாயில் ஒரு பைசா கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கும், சரி. வீட்டுக்கு வந்த பிறகு உலைக்கு அரிசி? நெல் காய்ஞ்சால் இன்சூரன்ஸ், விதைச்சவன் காய்ஞ்சால் எதுவும் இல்லை.

சென்னையிலும் பெங்களூரிலும் இருந்து இதைப் படிக்கிறவங்க, இந்த வாரம் ஊருக்குப் போன் போடும்போது அப்பாவோட பாஸ்புக்கில் மே, ஜூனில் 20 ரூபாய் பிடிச்சிருக்கா என்று கேளுங்க. பாதி வீட்டில் அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. சர்க்கரைக்காரராக இருந்தால், முள்ளோ ஆணியோ ஏறின அன்னைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், என்ன குத்துச்சு, எப்போ குத்துச்சு என்று சீட்டில் எழுதச் சொல்லி வாங்கச் சொல்லுங்க.

விசாரணை செல்போனில் வீடியோ வழியாத்தான் நடக்கும் போல. நேத்து சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து சித்தப்பாவுக்கு அதை விளக்கிக்கிட்டு இருந்தேன். ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, "அந்த முள்ளை எடுத்து வச்சிருக்கலாமோ அப்பு?" என்றாக. சித்தி உள்ளேயிருந்து சொன்னாக, அன்னைக்கே அடுப்பில் போட்டாச்சு என்று.