மூன்று விநாடி மௌனம்



உங்கள் மகளோ மருமகளோ தேசிய கல்வியியற் கல்லூரியில் படிப்பவராயின், கற்பித்தல் பயிற்சிக் காலத்தில் வீடு படும் பாடு உங்களுக்குத் தெரிந்ததே. நள்ளிரவு வரை பாடக்குறிப்பு எழுதுவாள். தரை முழுவதும் பிரிஸ்டல் போட்டும் கத்தரித்த படங்களும் கிடக்கும். நாளை விரிவுரையாளர் வந்து வகுப்பின் பின்வரிசையில் அமரப்போகிறார் என்றால் சோறு கூட இறங்காது.

1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குபவை இக்கல்லூரிகள். முன்பெல்லாம் பலர் நியமனம் பெற்றுச் சில வருடம் படிப்பித்த பின்னரே பயிற்சிக் கலாசாலைக்குப் போனார்கள். கல்வியியற் கல்லூரியிலோ இரண்டு வருடம் படிப்பு, மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் கட்டுறு பயிற்சி. பிள்ளைகளின் பொறுப்பை முழுதாக ஏற்குமுன் பழகிக்கொள்ளக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு இது.

அந்த வருடத்தில் பழகக் கடினமானது எது? படம் கீறுவதல்ல, சத்தமாகப் பேசுவதுமல்ல. கேள்வி கேட்டுவிட்டு வாய்மூடி நிற்பதுதான்.

தெல்தெனியவில் ஒரு நான்காம் தர வகுப்பைக் கற்பனை செய்து பாருங்கள். சுற்றாடல் பாடம். வெளியில் தெரிவது விக்டோரியா நீர்த்தேக்கம். 1985இல் அணை திறக்கப்பட்டது. பழைய தெல்தெனியப் பட்டணம் நீருக்குள் போயிற்று, மேட்டில் புதிய பட்டணம் எழுந்தது. கடும் வரட்சியில் நீர் வற்றினால் பழைய இடிபாடுகள் தலைகாட்டும். இத்தனையும் கண்முன் இருக்க, எங்கோ உள்ள ஆற்றின் படத்தைப் பிரிஸ்டல் போட்டில் ஒட்டிக்கொண்டு வருவானேன்?

“ஊரை விட்டு வந்தவர்கள் எதையெல்லாம் கொண்டு வந்திருப்பார்கள்?” என்று பயிற்சி ஆசிரியை கேட்கிறாள். முன்வாங்கில் வழக்கமான இரண்டு கைகள் உயர்கின்றன. பின்னால் விரிவுரையாளர் இருக்கிறார். வகுப்பு அமைதியானால் தனக்குப் பாடம் தெரியாதென்று நினைப்பாரோ என்ற பயத்தில் விடையைத் தானே சொல்லிவிடுகிறாள். பழைய பட்டணத்துக் கதையை உம்மும்மாவிடம் கேட்டு வளர்ந்த பிள்ளை கடைசி வாங்கில் பேசாமலே இருந்துவிடுகிறது.

அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ இதை ஆராய்ந்து 1974இல் எழுதினார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடியளவே காத்திருந்தார்களாம். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன. பின்தங்கியவர்கள் எனக் கருதப்பட்ட பிள்ளைகளும் பேசினார்கள். கெட்டிக்காரப் பிள்ளைக்கு அதிக நேரமும் மெதுவான பிள்ளைக்குக் குறைந்த நேரமும் கொடுக்கப்பட்டதையும் அவர் கண்டார். அவகாசம் அதிகம் தேவைப்படுபவருக்கே அது குறைவாகக் கிடைக்கிறது!

நமக்கு இது புதிதல்ல. தொழுகையைச் சரிவர நிறைவேற்றாத ஒருவரை நபி (ஸல்) அவர்கள் திரும்பிப் போய்த் தொழுமாறு மூன்று முறை அனுப்பினார்கள். இதைவிட நன்றாகத் தொழ எனக்குத் தெரியாது, கற்றுத்தாருங்கள் என்று அவரே கேட்ட பின்னர்தான் விளக்கிச் சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான சம்பவம் இது. அந்த மனிதர் கேட்கும் வரை பொறுத்தார்களே, அதைக் கவனியுங்கள்.

மேற்பார்வைக்குச் செல்வோருக்கும் ஒரு சொல். வகுப்பில் நிலவும் மௌனத்தை உடனே ‘தடுமாற்றம்’ என்று குறித்துவிடாதீர்கள். புள்ளிக்குப் பயந்த பிள்ளை மௌனத்துக்கும் பயப்படுவாள்.

பெற்றோர் சிலர், “பயிற்சி டீச்சர் வேண்டாம், பழைய டீச்சரைப் போடுங்கள்” என்று அதிபரிடம் போய் நிற்பதுண்டு. அந்தப் பயிற்சி டீச்சரும் இன்னொரு உம்மாவின் மகள்தான். வாரக்கணக்கில் பாடத்துக்காக ஆயத்தம் செய்துகொண்டு வருபவள்.

வீட்டில் நாம் செய்யக்கூடியதும் உண்டு. பயிற்சிக் காலத்தில் இரவுச் சமையலை அவள் தலையில் போடாதீர்கள். அடுத்த நாள் பாடத்தை உங்களையும் தம்பி தங்கையரையும் இருத்தி ஒரு பத்து நிமிடம் நடத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்டதும் நீங்கள் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். அதற்குள் அவள் வாய்திறந்தால் கையை உயர்த்திக் காட்டுங்கள்.