மச்சான், எந்த லப்டொப் நல்லது?

கம்பசுக்கு ஆட்கள் தெரிவாகிற காலம் வந்தால் எங்கட போன்களுக்கும் காய்ச்சல் வந்துவிடும். இரவு பதினொரு மணிக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் வரும்: "மச்சான், எந்த லப்டொப் நல்லது?" பட்ஜெட்டைச் சொல்லுவினம். என்ன படிக்கப் போகினம் எண்டு சொல்லமாட்டினம். நாங்களும் கேட்கமாட்டம். யூரியூப்பில் பார்த்த நாலு சொல்லை எடுத்துவிட்டு, "ஐ7 இல்லாம எடுக்காதை" எண்டு ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் படுத்துவிடுவம்.

அப்படி நாங்கள் சொன்ன ஒரு தீர்ப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கலைப்பீடத்துக்குப் போன எங்கட சிநேகிதி ஒருத்தி. அம்மாவின்ட சங்கிலியை ஈடு வைத்த காசு கையில் இருந்தது. 2022 இல் 200 ரூபாயளவில் நின்ற டொலர் இரண்டு மூன்று மாதத்துக்குள்ள 360 வரைக்கும் ஏறினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதோட லப்டொப் விலையும் ஏறினது; பிறகு பழைய இடத்துக்கு இறங்கவேயில்லை. அந்தக் காசுக்குப் புது ஐ7 வராது. ஆனால் நாங்கள் ஐ7 எண்டு சொல்லிவிட்டமே! அவள் தேடித் திரிந்து ஒரு பாவித்த ஐ7 வாங்கினாள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அது ஐ7 தான். ஆறாம் தலைமுறை, 6600யு. உள்ளுக்கு இருந்தது இரண்டே இரண்டு கோர். இன்னும் கொஞ்சக் காசு சேர்த்துப் பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 ஒன்றை, உதாரணமாக 1215யு-வை, எடுத்திருந்தால் ஆறு கோர் கிடைத்திருக்கும். சின்ன இலக்கம் எண்டு நாங்கள் இளக்காரமாகப் பார்த்த ஐ3 அது.

கதை அதோட முடியவில்லை. 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிற்பாட்டினது. விண்டோஸ் 11 க்கான இன்டெல் பட்டியல், ஒன்றிரண்டு விதிவிலக்குகளை விட்டால், எட்டாம் தலைமுறையில் இருந்துதான் தொடங்குது. சங்கிலியை மீட்டு ஆறு மாதம் ஆகவில்லை. "இன்னொண்டு வாங்கோணுமோ?" எண்டு கேட்டாள். கோபப்பட்டுக் கேட்டிருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும்.

இலக்கங்களில் ஏமாறுவது அவள் மட்டுமில்லை. ரைசன் 5 7520யு எண்டு ஒன்று இருக்கு. முதல் எண் 7 எண்டால் 2023 ஆம் ஆண்டுக்குரிய மொடல் எண்டு அர்த்தம். ஆனால் மூன்றாவதாக நிற்கிற 2 தான் உண்மையைச் சொல்லுது: உள்ளுக்கு இருப்பது ஸென் 2, 2019 இல் வந்த வடிவமைப்பு. அதோட அந்தச் சிப் வருகிற லப்டொப்பில் றாம் போர்ட்டோட ஒட்டித்தான் வரும். 8 ஜிபியோட வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். வேர்டும் ஸூமும் போதும் எண்டவருக்கு அது ஓடும். ஓட்டோகாட் திறக்கப் போறவருக்கு அது அழுகை. அதுதான் சொல்லுறம், முதலில் கேட்க வேண்டியது என்ன வேலை எண்டு, இலக்கம் பிறகு.

வெளிநாட்டு லப்டொப் இன்னொரு தனிக்கதை. பிரான்சில இருந்து மாமா பாசத்தோட கொண்டு வந்து தருவார். திறந்தால் கீபோர்ட்டில் கியூ இருக்க வேண்டிய இடத்தில் ஏ இருக்கும். ஜெர்மனி, சுவிஸ் எண்டால் வையும் இசட்டும் இடம் மாறி நிற்கும். செட்டிங்ஸில் மாற்றலாம்தான்; ஆனால் கட்டையில் அச்சடித்த எழுத்து மாறாதே. பழுதானால் அந்த வாரண்டி இங்க செல்லுமோ எண்டதையும் மாமா விசாரித்திருக்கமாட்டார். வேண்டாம் எண்டு சொல்ல எங்களுக்கும் மனம் வராது. கொண்டு வர முதலே ஒரு போன் எடுத்துக் கதைத்தால் நல்லம்.

பாவித்த லப்டொப் வாங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை. எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது, எஸ்எஸ்டி, முடிந்தால் 16 ஜிபி றாம்: கட்டுரை எழுதுகிற பிள்ளைக்கு இது நாலு வருடத்துக்குக் காணும். கடையில் வைத்தே டாஸ்க் மனேஜரைத் திறந்தால் சிப்பின்ட முழுப் பெயரும், பெரும்பாலும் எத்தனை றாம் ஸ்லொட் பாவனையில் இருக்கு எண்டதும் தெரியும். கொமாண்ட் புரொம்டில் பவர்சிஎப்ஜி பட்டரி ரிப்போர்ட்டை எடுத்தால் பட்டரி புதுசாக இருக்கேக்க எவ்வளவு தாங்கினது, இப்ப எவ்வளவு தாங்குது எண்டு இரண்டு இலக்கம் வரும். இரண்டுக்கும் ஒரு நிமிடம் கூடப் போகாது. இதைச் செய்ய விடாத கடையில் இருந்து வெளியே வாறதுதான் சரி.

வெளியே வாறதுக்குத்தான் கூட ஒருவர் வேணும். எங்கட சிநேகிதிகள் தனியப் போனால் அவையிட்ட நிறம் பிடிச்சிருக்கோ எண்டு கேட்பினம். கூட வந்த தம்பியிட்ட, அவன் பத்தாம் வகுப்பு எண்டாலும், றாம் கணக்குச் சொல்லுவினம். இதையும் பார்த்திருக்கிறம். மெசேஜில் தீர்ப்புச் சொல்லுறதை விட, ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிக் கூடப் போறது பெரிய உதவி எண்டுதான் இப்ப நினைக்கிறம்.

அவளின்ட ஐ7 இப்பவும் ஓடுது. பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட் ஏற்றிக் குடுத்தம். எஸ்எஸ்டி காசு எங்கட கணக்கு. பாமினியில் அடித்த பழைய குறிப்புகள் திறக்கேக்க எழுத்தெல்லாம் ஆங்கிலமாகச் சிதறி நின்றது. எழுத்துருவை ஏற்றின பிறகு சரி வந்தது.

போன மாதம் அவளிட்ட இருந்து இன்னொரு மெசேஜ். தம்பி ஏஎல் எழுதிவிட்டானாம், லப்டொப் வேணுமாம், எது நல்லது?

"என்ன படிக்கப் போறான்?"

"அது இன்னும் அவனுக்கே தெரியாது."

"அப்ப இப்ப வாங்காதை" எண்டம்.