பழந்துணியும் நற்பெயரும்

இராயபுரத்துத் தெருக்களிலே முற்பகற்பொழுதில் ஒரு குரல் கேட்பதுண்டு. பழைய சேலைகளை வாங்கிக்கொண்டு அவற்றிற்கு ஈடாக எவர்சில்வர்ப் பாத்திரம் கொடுக்கும் வணிகரின் குரல் அது. திண்ணையில் அமர்ந்து பேரம் பேசி, ஐந்தாறு சேலைகளுக்கு ஒரு தூக்குவாளியைப் பெற்றுக்கொண்டு நம் தாய்மார் உள்ளே செல்வர். அச்சேலைகள் பின்னர் எங்கே செல்கின்றன என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. சில பழந்துணிச் சந்தையை அடையும். சில பட்டறைகளிலே இயந்திரத்தின் எண்ணெயைத் துடைக்கும் 'வேஸ்ட்' துணியாய் முடியும். எஞ்சியவை குப்பைமேட்டிற் கிடந்து மட்கும்.

இவ்வாறு கழிக்கப்பட்ட துணியை மீண்டும் பஞ்சாக்காமலும், அப்படியே மறுவிலைக்கு விடாமலும், தையல் பிரித்து, வெளுத்து, வேறு வடிவில் வெட்டி, முன்னிருந்த நிலையினும் மேலான ஆடையாகவோ பையாகவோ ஆக்குந் தொழிலை இக்காலத்தார் 'அப்சைக்கிளிங்' என வழங்குவர். நம் மாணாக்கருள்ளும் பழைய மாணாக்கருள்ளும் சிலர் இத்தொழிலில் தனித்து நின்று முயல விரும்புகின்றனர். அவர்கள் எம்மிடம் கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றே: "எங்களுக்கென்று ஒரு பிராண்டு உண்டாக்குவது எப்படி?" ஒரு மாணவி தாம் தைத்த பைகளுக்கு இத்தாலிய ஒலியுடைய பெயரொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். "தங்கள் ஊராகிய திருவொற்றியூரின் பெயரையே இடலாகாதோ?" என்று யாம் வினவினோம். "அந்தப் பெயரைக் கேட்டால் யார் ஐயா வாங்குவார்கள்?" என்று அவர் நகைத்தார். அந்நகைப்பு எம் மனத்தை வருத்திற்று. வடசென்னை என்றவுடன் புகையும், லாரியும், மீன்நாற்றமுமே பிறர் நினைவிற்கு வரும் என்று நம் இளைஞரே அஞ்சித் தம் ஊரை மறைக்கின்றனர். இவ்வச்சம் ஆதாரமற்றது என்பதும், மறைத்துப் பெறும் பெயர் நிலையாது என்பதுமே யாம் ஈண்டுக் கூற விழைவது.

முதற்கண் நம் ஊரின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இவ்வடபகுதி துணியினாலே வளர்ந்த பகுதி. திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டையின் பெயர்க்குக் காலடி காரணமன்று. 1717 முதல் 1720 வரை சென்னையிலே ஆளுநராயிருந்த ஜோசப் காலெட் என்பார் நெசவாளரைக் குடியேற்றிய 'காலெட் பேட்டை'யே அவ்வாறு மருவிற்று. இராயபுரத்தை ஒட்டிய வண்ணாரப்பேட்டையோ கிழக்கிந்தியக் கம்பெனியார் கப்பலேற்றிய துணிகளை வெளுத்தவர் வாழ்ந்த இடம். இன்றும் அப்பேட்டையின் எம்.சி. ரோட்டிலே துணிக்கடைகள் நிரம்பியிருத்தல் யாவரும் அறிந்ததே. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613-இல் கோட்டை கட்டியதும் இக்கரையின் துணி வாணிகத்தை முன்னிட்டேயாம். மலாய் நாட்டார் தாம் உடுக்கும் கட்டமிட்ட கைலியை இன்றளவும் 'பெலிக்காட்' என்றே அழைக்கின்றனர்; அது பழவேற்காட்டின் பெயரே. இனிப் பெரம்பூரை நோக்கின், பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகள் 1996-இல் மூடப்படும்வரை பல தலைமுறையினர்க்குச் சோறிட்டன. 1918-இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கமும் அவ்வாலைத் தொழிலாளரை அடிப்படையாகக் கொண்டெழுந்ததே.

இவ்வரலாற்றிலே ஒரு குறை வெளிப்படை. நெய்தவரும், வெளுத்தவரும், சாயந் தோய்த்தவரும் நம்மவர். துணியின்மேல் நின்ற பெயரோ கம்பெனியினுடையது, ஆலையினுடையது, அன்றேல் அயல்நாட்டுக் கடைக்காரருடையது. கைகள் இங்கிருந்தன, பெயர் வேறிடத்தே இருந்தது. இக்குறையை நீக்கும் வாய்ப்பு இப்பொழுது நம் இளைஞர் கையில் வந்திருக்கின்றது என்பதே எமது துணிபு.

'மெட்ராஸ்' என்னும் கட்டத் துணியின் கதை இதற்கு நல்ல சான்று. 1958-ஆம் ஆண்டையொட்டி, சென்னையிலிருந்து பல்லாயிரம் கெஜம் துணி அமெரிக்காவிற்குச் சென்றது. அதன் சாயம் நீரில் ஓடும் இயல்பினது. குளிர்ந்த நீரில் மெல்ல அலசுதல் வேண்டும் என்று விற்றவர் எச்சரித்திருந்தனர். அவ்வெச்சரிக்கை அங்கே சட்டை வாங்கினவரைச் சென்றடையவில்லை. வெளுத்த சட்டைகளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் கடைவாயிலிற் கூடினர். பின்னர் நடந்ததே வியப்பு. குறையை மறைப்பதை விடுத்து, 'இதன் சாயம் ஓடுவது உறுதி' என்றே விளம்பரஞ் செய்யத் தொடங்கினர். ஒவ்வொரு சலவைக்கும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து புதுத்தோற்றம் பெறும் சட்டை என்று அது புகழ்பெற்றது. நேற்றுக் குற்றமாயிருந்தது இன்று அடையாளமாயிற்று. சென்னையின் பெயரோ உலகெங்கும் ஒரு துணிவகையின் பெயராயிற்று. இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் யாது? துணியின் உண்மையை மறைத்தபொழுது கடைக்கு இழுக்கு வந்தது. அதே உண்மையைச் சொல்லியபொழுது பெயர் வந்தது.

அதே கட்டத் துணி ஆப்பிரிக்காவின் நைஜர் கழிமுகத்திற்கும் சென்றது. அங்குள்ள கலாபாரி இனத்தார் அதனை வாங்கியவாறே உடுத்தாரல்லர். ஊசியால் இழைகளைத் தூக்கிக் கூரிய கத்தியால் அறுத்து, சிலவற்றை உருவி எடுத்து, எஞ்சிய இழைகளால் முற்றிலும் வேறான கோலத்தை ஆக்கினர்; அத்துணியைத் தம் குலத்தின் சிறப்புடையாகவும் கொண்டனர். பிறன் நெய்ததைத் தன்னதாக்கும் வழி அதன்மேல் அலங்காரத்தைக் குவிப்பதன்று. வேண்டாததை நீக்கத் தெரிந்துகொள்வதும் ஆம் என்பதை அம்மக்கள் நமக்குக் கற்பிக்கின்றனர்.

நிற்க. தற்காலத்தில் இத்தொழிலால் பெயர்பெற்றவரை நோக்குவோம். சுவிட்சர்லாந்து நாட்டுச் சூரிச் நகரில் 1993-இல் பிரைட்டாக் என்னும் உடன்பிறந்தார் இருவர், தம் வீட்டருகே ஓடிய லாரிகளைக் கண்டு, அவற்றின் பழைய தார்ப்பாயை வெட்டிப் பைகளாகத் தைத்தனர். சைக்கிளின் உட்டியூபு ஓரப்பட்டியாயிற்று. மோட்டார்க்காரின் இருக்கைப் பட்டை தோள்வாராயிற்று. தார்ப்பாயின் கீறலையும் கறையையும் அவர்கள் மறைக்கவில்லை. ஒரு பை போல் மற்றொன்று இராது என்பதே அவர்தம் பெருமையாயிற்று. 2006-இல் அந்நகரிலே அவர்கள் திறந்த கடையும் பழைய கப்பற் கண்டெய்னர்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிக் கட்டியதே. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளின் வரிசைக்கிடையே அகப்பட்டுக் கல்லூரிக்குத் தாமதமாக வரும் நம் மாணாக்கர் இதனைச் சிந்திப்பாராக. சூரிச் நகரத்தார்க்குப் பெயர் தந்த பொருள்கள் நம் வீட்டுவாயிலில் அன்றாடம் கடந்து செல்கின்றன. அவர்கள் தம் தெருவை மறைத்தாரல்லர். தெருவையே தைத்துத் தோளில் மாட்டினர்.

நம் நாட்டிலும் இத்தகையோர் இலரல்லர். தில்லியிலே கிருதி துலா அம்மையார் 2012-இல் தொடங்கிய 'டூடுலேஜ்' என்னும் நிறுவனம், ஆடைத் தொழிற்சாலைகளில் எஞ்சிய துணியையும் குறையுடையதென்று தள்ளிய துணியையும் கொண்டே ஆடை செய்கின்றது. நமக்கு அணித்தாகிய ஆரோவிலில் உமா பிரஜாபதி அம்மையாரின் 'உபாசனா' என்னும் ஆடையகம், 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், வாழ்விழந்த மீனவ மகளிர்க்குத் துண்டுத்துணிகளாற் சிறு பொம்மை செய்யும் பயிற்சி அளித்தது. 'சுனாமிகா' எனப்பட்ட அப்பொம்மை விலைக்கு விற்கப்படவில்லை. அன்பளிப்பாகவே கைமாறிக் கடல்கடந்து சென்றது. விரலளவு கந்தலுக்கு அப்புகழ் வந்தது அதனைச் செய்த பெண்டிரின் கதை அதனோடு உடன்சென்றமையாலன்றோ?

நம் கல்லூரியின் வேதவகுப்பிற் பயின்றோர் யோப்பா பட்டணத்துத் தொற்காளை மறந்திரார். யோப்பாவும் நம் இராயபுரம் போன்றதோர் துறைமுகப் பட்டினமே. தொற்காள் மரித்தபொழுது விதவைகள் சூழ நின்று அழுதுகொண்டு, அவ்வம்மை தங்களுக்குத் தைத்துத் தந்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் பேதுருவுக்குக் காட்டினர் என்பது வரலாறு. அவ்வம்மைக்குப் பெயர்ப்பலகை இல்லை, இலச்சினை இல்லை. உடுத்தவர் தாமே முன்வந்து எடுத்துக் காட்டிய தையலே அவர் பெயராயிற்று. இதனினும் உயர்ந்த விளம்பரத்தை யாம் அறியோம்.

இனி, இத்தொழிலிற் புகுவார்க்குச் சில சொற்கள். முதலாவது, எல்லாக் கழிவும் ஆடைக்கு ஆகாது. 2023 டிசம்பர் வெள்ளத்திலே எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி மீனவரின் வலைகளும் படகுகளும் பாழானமையை நாம் கண்டோம். அத்தகைய எண்ணெயோ இரசாயனமோ ஏறிய பொருளை மனிதர் மேனியிற் படவிடுதல் பாவமாகும். துணியைத் தேர்தலும், வெந்நீரிலிட்டு வெளுத்தலும், இற்ற இடத்தை நீக்குதலும் இத்தொழிலின் பாதியாம். இரண்டாவது, பலவற்றைத் தொடாமல் ஒன்றைச் செவ்வனே செய்க. பழஞ்சேலையிற் சட்டையோ, தார்ப்பாயிற் பையோ, ஒன்றிலே கைதேர்ந்தவனை உலகம் நினைவிற் கொள்ளும். பத்திலும் கைவைத்தவனை மறக்கும். மூன்றாவது, ஒவ்வொரு பொருளிலும் ஒரு சிறு துணிச்சீட்டைத் தைத்து, இது முன்னர் யாதாயிருந்தது, எவ்வூரில் எவர் கையால் தைக்கப்பட்டது, எவ்வாறு துவைத்தல் வேண்டும் என்னும் செய்திகளைத் தமிழிலேயே எழுதுக. சாயம் ஓடுமாயின் ஓடும் என்றே எழுதுக. நான்காவது, தம் பெயரைச் சட்டப்படி காத்துக்கொள்க. 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டத்தின்கீழ் ஆடைகள் 25-ஆம் வகுப்பிற் பதிவாகும். தனியொருவர் இணையவழி விண்ணப்பிக்கக் கட்டணம் வகுப்பொன்றுக்கு 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் நிலைத்துப் பின் புதுப்பிக்கத்தக்கது. தம் குறியைக் காக்க விழைவோர் பிறர் குறியையும் மதித்தல் வேண்டும். பெரிய நிறுவனமொன்றன் இலச்சினை துலங்கும்படி பழஞ்சட்டையை வெட்டி அணிகலமாக்கி விற்றல் வழக்கிற்கு இடமாகும், நேர்மைக்கும் பொருந்தாது.

இவ்விடத்தில் நேயர் சிலர் ஒரு தடை நிகழ்த்தக்கூடும். "கந்தையைக் கசக்கிக் கட்டிக்கொள்ளல் ஏழையின் நிலை. அதனையே ஒட்டுப்போட்டுச் செல்வருக்கு ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்பது வறுமையை வேடிக்கையாக்குவதன்றோ?" என்பது அத்தடை. இதில் உண்மை இல்லாமலில்லை. கிழிசலை வேண்டுமென்றே உண்டாக்கி விற்கும் கடைகளை யாமும் கண்டிருக்கின்றோம். எனினும் கணக்கைச் சற்று நோக்குக. ஒரு சேலையைத் தையல் பிரித்து வெளுக்க ஒரு மணி, வெட்ட ஒரு மணி, தைக்க இரண்டு மணி என்று கொள்வோம். புதுத்துணியாயின் ஒருமுறை அளந்து நூறு சட்டைகளை ஒருங்கே வெட்டலாம். பழந்துணியிலோ ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து, கறையும் இற்றலும் விலக்கி வெட்டுதல் வேண்டும். ஆகவே இங்கு விலை துணிக்கன்று, உழைப்பிற்கே. அவ்விலையிற் பெரும்பங்கு தையற்காரிக்குச் சென்றால் அது நியாயமான விலை. செல்லாதாயின், தடை நிகழ்த்துவோரின் பக்கமே யாமும் நிற்போம். அயலூரார் பெயரின்கீழ் நம் முன்னோர் பெயரிலிகளாய் உழைத்தமையை மேலே குறைகூறினோம். நாமே ஒரு பெயரை உண்டாக்கி, அதன் நிழலில் தண்டையார்ப்பேட்டைத் தையற்காரியைப் பெயரிலியாக்குவோமாயின், காலெட் துரைக்கும் நமக்கும் வேறுபாடு யாது?

எஞ்சிய அப்பத்துண்டுகளைச் சேர்த்து வைக்கும்படி ஆண்டவர் சீடருக்குப் பணித்தமையை நம் கல்லூரியார் நன்கறிவர். வீணாதல் கூடாது என்பது சிக்கனத்தின் சொல் மட்டுமன்று; அன்பின் சொல்லுமாகும். தள்ளப்பட்ட துணிக்கு அது பொருந்துமாயின், தள்ளப்பட்ட ஊருக்கும் பொருந்துமன்றோ?

அம்மாணவி மீண்டும் எம்மைக் காண வருவாராயின் யாம் சொல்ல விரும்புவது இதுவே: "அம்மா, இத்தாலியப் பெயரைத் தாங்கள் எத்துணை அழகாகத் தேடினும் அது பிறன் வீட்டுச் சட்டை, தங்கள் அளவுக்குத் தைத்ததன்று. தங்கள் பையை நன்றாகத் தைத்து, உள்ளே ஒரு சீட்டில் 'திருவொற்றியூரிற் செய்தது' என்று எழுதுங்கள். தையல் பிரியாதிருக்குமாயின் ஊரின் பெயர் தானே உயரும்." நம் கல்லூரி இளைஞர் இத்தொழிலை நாணாது மேற்கொள்வாராக, தம் ஊரையும் மறவாதிருப்பாராக.