பத்துப் பேர் இல்லாத பட்டறைக்குக் காவல் யார்?

பழைய தொழிலாளர் சட்டங்கள் 29. அவற்றை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கி, 2025 நவம்பர் 21-ந் தேதி மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்தது. சம்பளம் என்ன ஆகும், வேலைநிறுத்த உரிமை என்ன ஆகும் என்று எங்கும் ஒரே பேச்சு. தெருமுனையில் காரும் மோட்டார் சைக்கிளும் பழுது பார்க்கிறதே ஒரு பட்டறை, அதைப் பற்றி மட்டும் அதிகமாக யாரும் வாய் திறக்கவில்லை.

1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் பழுது பார்ப்பதையும் உற்பத்தி என்றே கருதியது. மின்சாரம் வைத்து 10 பேர் வேலை செய்தால் அந்த இடம் தொழிற்சாலை. சுழலும் யந்திரத்துக்குத் தடுப்பு வேண்டும். தூள் தெறிக்கும் வேலையில் கண்ணுக்குக் காப்பு வேண்டும். ஓடும் யந்திரத்தில் கை வைப்பவன் உடலோடு ஒட்டிய உடை அணிய வேண்டும். எல்லாம் அதில் எழுதியிருந்தது.

புதிய தொகுப்பில் அந்த 10 என்பது 20 ஆகிவிட்டது. 10 பேர் இருந்தால் பொதுவான கடமைகள் சில இன்னும் உண்டு; ஆனால் தொழிற்சாலை என்ற பெயரும் அதற்கான விதிகளும் 20 பேர் சேர்ந்த பிறகுதான். ஒரு முதலாளி, இரண்டு மெக்கானிக், ஒரு கையாள் - இதுதானே நம் ஊர்ப் பட்டறை? பழைய சட்டமும் அங்கே எட்டிப் பார்த்ததில்லை, புதியதும் பார்க்கப்போவதில்லை.

மூடியைக் கழற்றுவது ஏன்?

இரும்பை அறுக்கும் கை கிரைண்டரை எடுத்துக்கொள்வோம். ஐந்து அங்குல வட்டு, நிமிஷத்துக்கு 11,000 சுற்று. கணக்குப் போட்டுப் பார்த்தால் வட்டின் விளிம்பு மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது! வட்டு உடைந்தால் துண்டும் அதே வேகத்தில்தான் புறப்படும். அதைத் தடுக்கவே மேலே ஓர் இரும்பு மூடி வைத்து விற்கிறார்கள். பட்டறைக்கு வந்ததும் முதலில் கழற்றி மூலையில் எறிவது அந்த மூடியைத்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. சின்ன வட்டு ஆழமாக அறுக்காது. மூடி போய்விட்டால் ஏழு அங்குல வட்டை மாட்டலாம். ஆனால் அந்தப் பெரிய வட்டு சுமார் 8,500 சுற்றுக்கு மேல் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல. வட்டின் மீதே எண் அச்சடித்திருக்கிறது. அவசரத்தில் அதை யார் படிக்கிறார்கள்?

கார் தூக்கும் ஜாக்கியின் கதையும் இப்படித்தான். ஜாக்கி, வண்டியைத் தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. உள்ளே எண்ணெயை அடைத்து நிற்கும் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டால், கீழே படுத்திருப்பவனுக்கு முன்னறிவிப்பு கிடையாது. இரும்புத் தாங்கி இரண்டு வைத்தால் போதும். அதற்குப் பதில் செங்கல்லை அடுக்குகிறார்கள். பாரம் ஏறினால் செங்கல் நொறுங்கும்.

லாரிப் பட்டறைகளில் இன்னொரு எமன் உண்டு. பழைய மாதிரிச் சக்கரத்தில் டயரைப் பிடித்து வைக்க ஓர் இரும்பு வளையம் இருக்கும். சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு காற்று ஏறும்போது அந்த வளையம் சரியாக உட்காராவிட்டால் பீரங்கிக் குண்டு போலப் பறந்து வரும். சக்கரத்தை இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீளமான குழாயால், எட்ட நின்று காற்றடிக்க வேண்டும். வெல்டிங் தெரிந்த பட்டறையில் கூண்டு செய்ய எத்தனை நேரம் ஆகும்?

"தொழிலாளிக்கு அஜாக்கிரதை" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். தகரக் கூரைக்குக் கீழே, சித்திரை வெயிலில், வியர்வை வழிந்து மூடுபனி படிந்த கண்ணாடியை எத்தனை மணி நேரம் மாட்டிக்கொண்டிருப்பது? நாலு பேருக்கு ஒரே கண்ணாடி வாங்கி ஆணியில் தொங்கவிடும் முதலாளியும், "அரை மணியில் வண்டி வேண்டும்" என்று வாசலில் நிற்கும் நாமும் அந்த அஜாக்கிரதையில் பங்காளிகள்தாம்.

புதிய விருந்தாளி

இப்போது மின்சாரக் கார்கள் வந்துவிட்டன. பல கார்களின் பாட்டரியில் 300, 400 வோல்ட் இருக்கிறது. ஆரஞ்சு நிறக் கம்பியைத் தொடுமுன் இணைப்பைத் துண்டித்து, சிறிது நேரம் காத்திருந்து, மின்சாரம் இல்லை என்று அளந்து பார்க்க வேண்டும். அதற்கென்று செய்த ரப்பர் கையுறை வேண்டும். கம்பெனி மெக்கானிக்குக்கு இதைச் சொல்லித் தருகிறார்கள். உத்தரவாதக் காலம் முடிந்ததும் அந்தக் கார் எங்கே வரும்? புளியமரத்தடிப் பட்டறைக்குத்தான். அங்கே சொல்லித் தருவது யார்?

தமிழ்நாட்டில் ஓட்டுநர்களுக்கும் வாகனம் பழுது பார்ப்போருக்கும் தனி நலவாரியம் இருக்கிறது. விபத்தில் உயிர் போனாலும் கை கால் போனாலும் உதவித்தொகை தருகிறது. நல்ல காரியம். ஆனால் பணம் வருவது விரல் போன பிறகு. பதிவுக்கு வருகிறவரிடம் ஒரு கண்ணாடியும் ஒரு ஜோடி தாங்கியும் கொடுத்து, பக்கத்துத் தொழிற்பயிற்சி நிலையத்தில் நாலு மாலை வகுப்பும் வைத்தால் என்ன?

சட்டத்திலும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. ஆபத்தான வேலை என்று சர்க்கார் அறிவித்துவிட்டால், ஓர் ஆள் வேலை செய்யும் இடத்துக்கும் புதிய தொகுப்பு செல்லும். காற்றடிக்கும் கூண்டும் கிரைண்டர் மூடியும் அந்த அறிவிப்பில் இடம்பெற வேண்டும் என்று கேட்கப் பட்டறைக்காரர்களுக்குச் சங்கங்கள் இருக்கின்றன.