பராமரிப்பவளுக்குப் பெயர் யார் போடுவது?

ஆசிரியர் அவர்கட்கு,

எழுபது வயது கடந்த வறியோர்க்கு மாதந்தோறும் வழங்கப்படும் கொடுப்பனவு 3,000 ரூபாவிலிருந்து 5,000 ஆகவும், அங்கவீனர்க்குரியது 7,500 இலிருந்து 10,000 ஆகவும் 2025 ஆம் ஆண்டில் உயர்த்தப்பட்டதை ஊவாத் தோட்டங்களில் வாழும் நாங்கள் மகிழ்ச்சியுடனேயே வரவேற்றோம். ஆயினும், வயதையும் வறுமையையும் ஊனத்தையும் நுணுகி அளக்கும் அஸ்வெசும நலன்புரித் திட்டம், பிறர் துணையின்றி எழவும் உண்ணவும் குளிக்கவும் மலசலம் கழிக்கவும் இயலாது கிடக்கும் விருத்தருக்கு அந்தத் துணை எங்கிருந்து வரும் என்பதை மாத்திரம் கேளாது விட்டதைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கண்டிக்க விரும்புகின்றேன்.

பசறையிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும் அந்தத் துணையாக இருப்பவள் பெரும்பாலும் கொழுந்து பறிக்கும் மகளோ மருமகளோதான். மலசலகூடம் காம்பராவுக்கு வெளியே இருக்கும் லயத்து வரிசை வீட்டில் ஒரு முதியவரைத் தூக்கிச் சென்று திரும்புவது எத்துணைப் பிரயாசை என்பதைச் செய்தவரே அறிவர். அவள் வீட்டில் நின்றால் அன்று வேலைப் பதிவில் பெயர் இல்லை. பெயர் இல்லையேல் கூலியும் இல்லை, சேமலாப நிதியும் இல்லை. நாட்சம்பளத்தை 1,550 ரூபாவாக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு 200 ரூபா ஊக்கப்படியும் சேர்ப்பதாக 2026 ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அரசாங்கம் பிரஸ்தாபித்ததே, அந்தப் படியும் அவளுக்கில்லை. அங்கவீனர் கொடுப்பனவு முழுவதையும் அவள் கையில் கொடுத்தாலும் அது ஏழு நாட்கூலிக்கு ஈடாகாது.

வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலேயே தோட்டங்களில் பிள்ளை மடுவம் என்னும் குழந்தைகள் காப்பகம் ஏற்பட்டது. தரும சிந்தையினால் அன்று. கைக்குழந்தையுடன் தாய் மலையேறினால் கொழுந்து குறையும் என்ற கணக்கினால்தான். அங்கே வளர்ந்த குழந்தை இன்று பக்கவாதத்தால் விழுந்து கிடக்கையில், அந்தக் கணக்கைக்கூடப் போட்டுப் பார்ப்பார் இல்லை. நம் தேயிலையைக் குடித்த இங்கிலாந்து தேசத்திலோ, பிறர் பராமரிப்பு வேண்டியவர்க்கென்றே தனியானதொரு கொடுப்பனவு 1971 முதல் வழங்கப்பட்டு வருகின்றது.

நம் நாட்டிலும் சட்டங்களுக்குக் குறைவில்லை. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் அங்கவீனர் உரிமையைப் பேசுகின்றது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமோ, முதியோர் தம் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோருவதற்கென ஒரு சபையையே நிறுவிற்று. நல்லது. ஆனால் கூலியிழந்து பராமரிக்கும் பிள்ளை யாரிடம் கோருவது?

ஆகவே, அஸ்வெசுமவை நடத்தும் நலன்புரி நன்மைகள் சபை தன் விண்ணப்பப் படிவத்தில் பராமரிப்புத் தேவையைத் தனியே விசாரித்து, மலையிறங்க இயலாதவரை லயத்துக்கே வந்து பரிசோதிக்க வைத்தியரையும் சமூகசேவை உத்தியோகத்தரையும் அனுப்பி, பராமரிப்பவர் பெயரிலேயே ஒரு மாதப்படி வழங்கவேண்டும். அது கைகூடும் வரையிலாவது, படுத்த படுக்கையானவரின் அருகே கழிந்த நாளுக்கும் அந்த 200 ரூபாவைக் கணக்கிடும்படி அரசாங்கம் உத்தரவிடலாம்; அந்தப் பணத்தைக் கொடுப்பது அரசாங்கமேயாகையால், தோட்டக் கம்பனிகளின் சம்மதத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர்,
பதுளை மாவட்டம்